பல் டாக்டர் மேசையில் ஒரு ஈட்டி

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். இல்லாமல் போனால்தான் ஆச்சரியம்.

நேற்று உன் பட்டறைக்கு வந்தேன். நீ யார் வீட்டுக்கோ படிக்கட்டுக் கல் பதிக்கப் போயிருந்தாய். பாலிஷ்காரர் மட்டும் இருந்தார். "அண்ணே, நான் எடுத்து வைக்கச் சொன்ன கல் பலகை எங்க?" என்று கேட்டேன். அந்த மனுஷன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "அதுவா? பல் டாக்டருக்கு மேசை ஆயிடுச்சும்மா. அம்சமா வந்திருக்கு, போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். காத்திருக்கும் அறையில் சுவரோரமாகப் போட்டிருக்கிறார்கள். மேலே பழைய பத்திரிகைகள், ஒரு சக்கரமில்லாத பொம்மைக் கார், கன்னம் வீங்கிய ஒருவரின் முழங்கை. அவரை நகரச் சொல்லிவிட்டு, கையுறை மாட்டி, பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தேன். அவர் பரிதாபப்பட்டு, "பல்லு இங்க இல்லம்மா, டாக்டர் உள்ள இருக்காரு" என்றார். அறையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

உன் முற்றத்தில் நின்று ஒரு தடவை சொன்னேன். மறுபடி சொல்கிறேன், கோபமாகச் சொன்னாலாவது உன் மண்டையில் ஏறுகிறதா பார்ப்போம். கல்லுக்குள் நீளமாக, கூராகத் தெரிவதை நம் பட்டறையில் எல்லோரும் 'ஈட்டி' என்கிறார்களே, அது ஈட்டி இல்லை. கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பிராணியின், கல்லாகிப்போன ஓடு. நத்தை போலச் சுருளாமல் நேராக வளர்ந்தது. அது வளர வளரப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பி, முன்னாலிருக்கிற அகலமான அறைக்குக் குடிபெயரும். கூர்முனையில் ஆரம்பித்து அப்படியே அறை அறையாக. கடைசி அறையில்தான் உயிரோடு இருந்தது. இந்த மாதிரி நேர் ஓடுகள் எத்தனையோ வகை. கடைக்காரர்கள் எல்லாவற்றையும் ஆர்த்தோசெராஸ் என்றே விற்கிறார்கள். உண்மையான ஆர்த்தோசெராஸுக்கு அந்தக் கடைசி அறையில் நீளவாக்கில் மூன்று பள்ளங்கள் இருக்கும். அதுதான் அடையாளம். அது இல்லாவிட்டால் வெறும் நேர் ஓடு, அவ்வளவுதான்.

உன் பலகையில் கடைசி அறை ஒரு குழிக்குள் உருண்டையாகப் படுத்திருந்தது. மேலே இரண்டு பள்ளங்களை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவது அடிப்பக்கம் கல்லுக்குள் இருக்கும் என்று மியூசியத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்னேன். எலும்பிலிருந்து மண்ணை ஊசியால் சுரண்டுகிற நான் அங்கே முதல் தடவையாக வாயைத் திறந்து ஒன்று சொன்னேன். நம் பக்கத்துக் கல்லில் அது இருந்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. எங்கள் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணாவது இருக்கட்டும், முதல்ல அந்த ரெண்டைக் காட்டுங்க" என்றார். மே மாதக் குழுக் கூட்டத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், தவறாகப் பார்த்துவிட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்தக் குழி முழுக்கக் கறுப்பாக எதையோ அடைத்து, கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருக்கிறாய். என் பள்ளங்கள் போய்விட்டன. ஏன் கெடுத்தாய்? தொடாதே என்று சொன்னேனா இல்லையா?

தங்கை

பிப்ரவரி 11

ஊசிக்கு,

போன் பண்ணாதே. மெஷின் என் இடது காதைத் தின்றுவிட்டது. மிச்சமிருக்கிற காதை உன் கத்தலுக்குக் கொடுக்க முடியாது. போனில் நீ யாரையும் பேச விடவும் மாட்டாய். எழுது.

நீ தொடாதே என்று சொன்னது செப்டம்பரில். "அடுத்த வாரம் மியூசியம் வண்டியோட வரேன்க்கா, பத்திரம்க்கா" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாய். அடுத்த வாரம் வந்தது. அதற்கு அடுத்த வாரமும் வந்தது. நீ வரவில்லை. இரண்டு ஆள் தூக்குகிற பலகையை வாசலிலிருந்து கொட்டகைக்கும் கொட்டகையிலிருந்து வாசலுக்கும் மாற்றி மாற்றி என் இடுப்பு போயிற்று.

டிசம்பரில் நீ வந்தாய். நேரில் இல்லை, பேப்பரில். ஹார்டுவேர் கடைக்காரர் அதை அழகாக வெட்டி வைத்திருந்து, "உங்க தங்கச்சி படம் வந்திருக்கு!" என்று வாயெல்லாம் பல்லாகக் கொடுத்தார். பாவம், படத்தைத்தான் பார்த்திருக்கிறார். நான் கடை வாசலில் நின்றே படித்தேன். "அறிவில்லாத கல்லறுப்பு ஆட்களின் கைகளில் சிக்கி இந்த அரிய உயிர்கள் தூளாகிக்கொண்டிருக்கின்றன." சொன்னது யார்? நீ. ஏன், கைகளுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா உனக்கு? உன் தலையில் பேன் பார்த்த கைகள்தான் அவை. உன் சடையைப் பின்னின கைகள்தான். வேறு கல்லறுப்புக் கை எதுவும் உனக்குப் பழக்கமில்லையே.

பல் டாக்டர் ஜனவரியில் வந்தார். நிற்க வைத்திருந்த பலகைகளில் அவருக்குப் பிடித்தது அதுதான். "பார்த்தா பல்லு மாதிரியே இருக்கே, வேருகூடத் தெரியுது" என்று சந்தோஷப்பட்டார். கொடுத்தேன். அவர் வைத்திருக்கிற இடம் பூட்டுப் போட்ட இடம். அங்கே சுத்தியல் கிடையாது, லாரி கிடையாது. அந்தக் கொட்டகையைவிட நல்ல இடம்தான்.

கையுறை போட்டுக்கொண்டு மேசையை மோந்து பார்த்தாயாமே. டாக்டர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். ஏன் கெடுத்தாய், ஏன் கெடுத்தாய் என்று இத்தனை பக்கம் எழுதியிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்வி அதில் ஒன்றுகூட இல்லை.

அறிவில்லாத கைகளோடு,
அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

பேப்பர் விஷயத்துக்கே வருகிறேன். அந்த நிருபரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். கல் அறுப்பவர்கள் இல்லையென்றால் இந்த ஓடுகள் வெளிச்சத்துக்கே வராது, எல்லாம் மலைக்குள்ளேயே கிடக்கும் என்றும் சொன்னேன். அதைப் போடவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை நான் சொல்லவே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். சொன்னேன். அப்போது உன்னை நினைக்கவில்லை. நடைபாதைக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்களே, உடைந்த இரண்டை ஒட்டி ஒன்றாக்கி, இல்லாத அறைகளைக் கோடு கிழித்து, அந்த ஆட்களை நினைத்துச் சொன்னேன்.

இப்போது உன்னை நினைத்துச் சொல்கிறேன். கேட்டுக்கொள். உனக்கு எதைக் கொடுத்தாலும் தேய்க்கத்தான் தெரியும். மேடாக இருந்தால் சீவு, பள்ளமாக இருந்தால் அடை. மனிதர்களிடமும் அப்படித்தான். நான் பட்டறையை விட்டுப் படிக்கப் போகிறேன் என்றபோது ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி பெட்டி கட்டிக் கொடுத்தாய். நாம் சண்டை போட்டதே இல்லை, தெரியுமா? நீ எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கிவிடுவாய். இந்தத் தடவை முடியாது.

வண்டி வரத் தாமதமானது என் தப்புதான். மியூசியத்தில் ஒரு பழைய கல்லை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர எத்தனை கையெழுத்து வேண்டும் என்று உனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வரி எழுதியிருக்கலாமே, "டாக்டர் கேட்கிறார், என்ன செய்யட்டும்?" என்று. நான் ஓடி வந்திருப்பேன்.

டாக்டரிடம் மேசையைக் கேட்டேன். "நான் ஏம்மா தரணும்? எனக்குப் பிடிச்சு வாங்கினது" என்றார். நியாயம்தான். அதனால் மியூசியத்திலிருந்து முறையாக அவருக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன். அடைத்ததைச் சுரண்டினால் அடியில் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று தெரியவில்லை. குழி அடைக்க நீ ஊற்றுகிற ரெசின் பசை இறுகினால் கல்லைவிட உறுதி. அதைக் குடைந்தால் ஓடும் சேர்ந்து வந்துவிடும். உன் வேலை அவ்வளவு நன்றாக இருக்கிறது, போதுமா?

தங்கை

மார்ச் 2

ஊசி,

உன் மியூசியத்துக் கடிதம் டாக்டருக்கு வந்து சேர்ந்தது. முத்திரையெல்லாம் குத்தி ஜோராக வந்திருக்கிறது. அவர் அதை எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்துவிட்டார். நான் ஒரு வாடிக்கையாளருக்கு ஜன்னல் கல் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரிலேயே கேட்டார்: "ஏம்மா, இது திருட்டுக் கல்லா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இந்தப் பட்டறை நடத்துகிற காலம் முழுக்க என்னை யாரும் அந்த வார்த்தை கேட்டதில்லை. ஜன்னல் கல் பார்க்க வந்தவர் "அப்புறம் வரேன்" என்று போனவர்தான். "உரிய அனுமதியின்றி வெளியேற்றப்பட்ட அறிவியல் மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கிருந்தடி வெளியேற்றினேன்? என் முற்றத்திலிருந்து. யார் அனுமதி வேண்டும் எனக்கு? உனக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது?

வழுவழுப்பாக்குகிறேனாம். ஆமாம். பெட்டி கட்டிக் கொடுத்ததையும் குற்றப் பட்டியலில் சேர்த்துவிட்டாய். அந்த ஒரு வாரம் நான் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை. வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன், நீயும் போகாமல் இருந்துவிடுவாய் என்ற பயத்தால். இதையெல்லாம் எழுத வைத்துவிட்டாய், சனியனே.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இந்தப் பட்டறையில் உனக்கு இருந்த ஒரே வேலை எது, ஞாபகம் இருக்கிறதா? பாலிஷ் முடிந்த ஒவ்வொரு கல்லிலும் கட்டைவிரல் நகத்தை இழுத்துப் பார்ப்பது. எவனாவது ரெசினுக்குப் பதிலாகக் குழியில் மெழுகை வைத்து ஏமாற்றியிருந்தால் நகம் உள்ளே இறங்கும். நீ "மெழுகு! மெழுகு!" என்று கத்துவாய். கடை அதிரும். கல் கொண்டுவந்து போட்டவன் ஓடியே போவான். பட்டறைக்குப் பெயர் வந்ததே உன் நகத்தால்தான். இப்போது மேடம் கையுறை போடுகிறார். போடு. நன்றாகப் போடு.

டாக்டரிடம் மேசை என் சொந்தக் கல், என் சொந்த வேலை என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். இனி மியூசியத்துக் காகிதம் ஒன்று இந்தப் பக்கம் வந்தால் அதையும் மெஷினில் விட்டு அறுப்பேன்.

அக்கா

மார்ச் 20

அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். டாக்டர் தரமாட்டார். தந்தாலும் பிரயோஜனம் இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். "ரெசினுக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு உங்க ஞாபகத்தை மட்டும் வெச்சு நாங்க முடிவு பண்ண முடியாதும்மா" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை. அதுதான் வலித்தது.

பார்த்தது தவறு என்று எழுதிவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை கொடுக்கிறேன். பார்த்தது தவறில்லை, உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனால் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இனி எழுதமாட்டேன். நீயும் எழுத வேண்டாம்.

மார்ச் 24

அக்கா,

எழுதமாட்டேன் என்றேன். எழுதுகிறேன், உன்னைத் திட்டுவதற்காக. நேரில் இருந்தால் உன் தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

இன்று டாக்டர் போன் செய்தார். அவர் உதவியாளர் பெண், கருவிகளைக் கொதிக்க வைத்து எடுத்த எஃகுத் தட்டை, கொதிக்கக் கொதிக்க உன் மேசைமேல் வைத்துவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டாளாம். ஆறின பிறகு தட்டைத் தூக்கினால் மேசையிலிருந்து ஒரு கறுப்புப் பாளமும் சேர்ந்து வந்துவிட்டது. மேசையை உடைத்துவிட்டோம் என்று அந்தப் பெண் ஓவென்று அழுதிருக்கிறாள். டாக்டர் தட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வாழ்நாள் முழுக்க ஊர்க்காரர்கள் வாயில் அச்சு எடுக்கிற மனுஷன் அவர். "அம்மா, இது ஒடைஞ்ச கல்லு இல்ல, இது அச்சு" என்றார். "ரெண்டு நீள வரப்பு இருக்கு. நாங்க எடுக்கிற அச்சுகூட இவ்வளவு சுத்தமா வராது. உங்க பள்ளம் ரெண்டும் மேசையில அப்படியே இருக்கு. வந்து பாருங்க."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அப்புறம் கேட்டேன், கறுப்பு எதனால் ஆனது என்று. மெழுகு என்றார். கல்தூளும் மெழுகும்.

மெழுகு! நீ! மெழுகு வைக்கிறவனைப் படியேற விடாத நீ!

அதோடு போகவில்லை. பாளத்தின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பசை இருக்கிறதாம். அடியில் எண்ணெய் தடவிவிட்டு மேலே மெழுகு ஊற்றுகிறவள் எதற்காகத் தடவுவாள்? ஒட்டக்கூடாது என்றுதானே? பிறகு எடுக்க வேண்டும் என்றுதானே? அப்படியென்றால் உனக்கு எல்லாம் தெரியும். நான் அங்கே குனிந்து நின்று அழுதபோது தெரியும். "ஏன் கெடுத்தாய்" என்று நான் எழுதியதைப் படித்தபோதும் தெரியும். இத்தனை நாள் நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது, நீ அங்கே வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறாய். கல்நெஞ்சக்காரி என்று சொன்னால்கூடக் கல்லுக்கு அவமானம்.

உறையை நேற்றுக் காலையிலேயே கொடுத்துவிட்டேன். டாக்டர் பேசியதும் மாடிப்படியில் விழுந்தடித்து ஓடி, தலைவர் மேசையிலிருந்து அதைப் பிடுங்கினேன். பிரித்துப் படித்துவிட்டிருந்தார். "படிச்சதை மறக்க முடியாதும்மா" என்றார். "ஆனா அந்த அச்சைக் கொண்டு வாங்க, பார்க்கலாம்." அவருக்கும் ஆசைதான், அதை மட்டும் மறைக்கத் தெரியவில்லை.

இன்னொன்று. எண்ணெய் தடவியது தப்பு. அந்தக் கல் எண்ணெயைக் குடிக்கும். ஓரத்தில் கறை ஏறியிருக்கிறது என்கிறார் டாக்டர். உனக்கு இதுகூடத் தெரியாதா?

ஏன் சொல்லவில்லை? அதற்கு மட்டும் பதில் சொல்.

தங்கை

ஏப்ரல் 3

ஊசிக்கு,

ஏன் சொல்லவில்லையா? நீ ஏன் கேட்கவில்லை?

உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ஏன் கெடுத்தாய் என்று கேட்டிருக்கிறாய். டாக்டரைக் கேட்டிருக்கிறாய், தலைவரைக் கேட்டிருக்கிறாய், மியூசியத்தை விட்டுக் கேட்க வைத்திருக்கிறாய். "அக்கா, அந்தக் குழியில என்ன போட்ட?" என்று ஒரே ஒரு தடவை, ஒரு சின்ன வரி, கேட்டாயா? நீ கேட்கவே இல்லை. கெடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பேனாவையே எடுத்தாய். என் கையில் கொடுத்தால் கெட்டுத்தான் போகும் என்று பேப்பரில் சொன்னாயே, அதை உன் மனசு நம்பவும் செய்தது. எனக்கு வயிறெரிந்தது அதற்காகத்தான். கல்லுக்காக இல்லை.

டாக்டர் அந்தப் பலகையைக் கேட்டபோது தரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பேப்பரைப் படித்த சூடு ஆறவில்லை. கொடுத்துவிடு, அவள் வந்து அழட்டும் என்று இருந்தது. மெஷினில் வைத்துக் குழி மட்டத்துக்குச் சீவிவிட்டால் அடைக்கிற வேலையே இல்லை, ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். பிளேடை இறக்கினேன். அந்த இரண்டு பள்ளமும் தெரிந்தது. நீ முற்றத்தில் மண்டியிட்டு, புதுத் துணியெல்லாம் சேறாக, "அக்கா, பாரேன், பாரேன்" என்று அதைத் தடவிக் காட்டினாயே. பிளேடை ஏற்றிவிட்டேன். பாலிஷ்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, எண்ணெய் தடவி, மெழுகு காய்ச்சி, நானே ஊற்றினேன். மெழுகு காய்ச்சத் தெரியாமல் இரண்டு தடவை கருக்கினேன், அதுதான் அவ்வளவு கறுப்பு.

நீ வருவாய், வழக்கம் போல நகத்தை இழுப்பாய், நகம் இறங்கும், "மெழுகு!" என்று கத்திக்கொண்டு பட்டறைக்கு ஓடிவருவாய், நான் அப்போது உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கல்லைக் கொடுப்பேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். கையுறையை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் முட்டாள்தனம். எண்ணெயும் முட்டாள்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பலன் என்ன தெரியுமா? உன் டாக்டர் காணாததைக் கண்டவர் மாதிரி வருகிற நோயாளிகளுக்கெல்லாம் அந்த அச்சைக் காட்டி, "மெழுகு வெச்சிருந்தாங்க!" என்று கதை சொல்கிறார். ஊரே இப்போது என் வேலையில் நகம் வைத்துப் பார்க்கிறது. நேற்று ஒரு அம்மாள் சமையல் மேடை முழுக்கச் சுரண்டிவிட்டு, "மன்னிச்சுக்கம்மா, கேள்விப்பட்டேன்" என்றாள். எல்லாம் ரெசின்தான், ஒன்றும் இறங்கவில்லை. ஆனால் சுரண்டினாள் இல்லையா? யாருக்காக நான் மெழுகைக் கையால் தொட்டேனோ அவள் என்னைக் கல்நெஞ்சக்காரி என்கிறாள்.

உன் இரண்டு பள்ளமும் கிடைத்தாயிற்று. போ, காட்டு. என்னை விடு.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

போன வாரம் டாக்டர் அறைக்குப் போனேன். கையுறையைப் பையிலேயே வைத்துவிட்டேன். குழியின் ஓரத்தில் கொஞ்சம் மெழுகு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தேன். இறங்கியது. அங்கே இருந்தவர்கள் முன்னால் நான் என்ன கத்தினேன் என்று டாக்டர் உனக்குச் சொல்லியிருப்பார்.

அந்த வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பேப்பருக்கு எழுதினேன். முதலில் முடியாது என்றார்கள். மூன்றாம் தடவை ஆசிரியர் அறைக்குப் போய், என் சொந்த அக்காவையே அவமானப்படுத்திவிட்டேன், போடாமல் இங்கிருந்து நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறதாம், எங்கோ ஒரு மூலையில். ஹார்டுவேர் கடைக்காரர் கண்ணில் படும் என்று நம்புகிறேன். இந்தத் தடவை படம் இல்லை.

அச்சைத் தலைவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு சரி, மூன்றாவது அடியில் இருந்தால்தான் முழுப் பெயர் சொல்ல முடியும் என்கிறார். அடிப்பக்கத்தைத் திறக்கப் பலகையை அறுக்க வேண்டும். மியூசியத்தில் அவ்வளவு பெரிய மெஷின் இல்லை. வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டார். அவர் பலகையைப் பார்த்துவிட்டு, "அறுத்தா பிளந்துடும், நான் பொறுப்பில்ல" என்று போய்விட்டார்.

அதனால் கேட்கிறேன். அக்கா, அது பிளக்காமல் அறுக்க முடியுமா? அடியில் எவ்வளவு கல் விட வேண்டும்? நீ வருவாயா? என்மேல் இன்னும் கோபமா? நான் வந்து கூட்டிக்கொண்டு வரட்டுமா?

தப்பாகக் கேட்டிருந்தால் திருத்து.

உன் ஊசி

ஏப்ரல் 22

ஊசிக்கு,

கோபம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ஹார்டுவேர் கடைக்காரர் மூலையில் வந்ததை வெட்டிக் கொடுத்தார். "என்னம்மா சண்டை?" என்றார். அப்போதுதான் முதல் செய்தியையும் தேடிப் படித்திருக்கிறார் போல. அவருக்கு ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சண்டை இல்லை, கல் விஷயம் என்றேன்.

டாக்டருக்கு வேறு பலகை போட்டுவிட்டேன். ஈட்டி கீட்டி எதுவும் இல்லாத சாதா கல். அவரே நகம் வைத்துப் பார்த்துத் திருப்திப்பட்டார். உன் ஈட்டிப் பலகை இப்போது பட்டறையில் இருக்கிறது, கீழே மெத்தை விரித்து. அந்த மெத்தை உன்னுடையது, சொல்லாமல் எடுத்துக்கொண்டேன்.

மியூசியத்துக்கு நான் வரமாட்டேன். உன் தலைவர் இங்கே வரட்டும். என் மெஷினில், என் கையால் அறுக்கிறேன், அவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். கையுறை இல்லாமல். ஒரு வார்த்தை பேசினால் வெளியே அனுப்பிவிடுவேன், சொல்லி வை. நீ முந்தின நாளே வந்துவிடு.

மூன்றாவது இல்லாமலும் போகலாம். கல்லுக்குள் என்ன இருக்கிறது என்று அறுக்கிற வரைக்கும் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. இல்லை என்றால் என்னைத் திட்டக்கூடாது. உன்னையே திட்டிக்கொள்ளவும் கூடாது. இரண்டைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று மூன்று என்றாயே, அந்தத் தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. செப்டம்பரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு மெல்லிய பிளேடு போட்டாலும், அது போகிற வழியில் இருப்பதெல்லாம் சேறாகிவிடும். அது திரும்பி வராது. அடியிலிருந்து மேலாக வந்தால் மூன்றாவது பள்ளத்தின் நடுவில் கொஞ்சம் போகலாம். பக்கத்திலிருந்து வந்தால் மேலே இருக்கிற இரண்டில் ஒன்றின் ஓரம் போகலாம். எதை இழந்தால் உன்னால் தாங்க முடியும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து அறுக்கட்டும்?

கேட்டுவிட்டேன். பதில் வருகிற வரை மெஷினைத் தொடமாட்டேன்.

அக்கா